இடது கையில் கட்டிய பட்டை

என் மனைவி துளசி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பேன், அவளே வந்து பதில் சொல்லிவிட மாட்டாளா என்று. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள் என்றால் சரிதான். ஆனால் அதோடு விடமாட்டார்கள். என்ன பாடம்? வேதியியல். அதில் என்ன ஆராய்ச்சி? இங்கேதான் எனக்கு நாக்குக் குழறும். மின்சாரத்தை வைத்து வியர்வையில் நோய் தேடுகிறாள் என்று ஒருமுறை சொன்னேன். கேட்டவர் பார்த்த பார்வையில் அன்றிலிருந்து "டீச்சர்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நான் இங்கே மலேசியாவில், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். பெயர் கணேஸ்வரன். பிளாஸ்டிக் மூடிகள் செய்கிறோம். மூடி கோணலாக இருந்தால் தூக்கிப் போடுவோம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. துளசிக்கோ எதைத் தூக்கிப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்று யோசிப்பதுதான் வேலையே. ஒரு தடவை அவள் போடக் கூடாத ஒன்றைப் போட்டுவிட்டாள். அவள் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் அங்கே போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது. சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் தெளியவில்லை. அவளுக்கும் தெளியவில்லை.

துளசி பிறந்தது அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா அம்மா இருவரும் இப்போது இல்லை. அண்ணன் வீரன் இருக்கிறார், அதே தோட்டத்தில் மண்டோர், கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கை பேராசிரியர், அண்ணன் மண்டோர் என்றதும் கேட்கிறவர்கள் கண்ணைத் துடைக்கத் தயாராகிவிடுவார்கள், அண்ணன் தன் படிப்பை விட்டுத் தங்கையைப் படிக்க வைத்திருப்பார் என்று. அப்படி ஒன்றும் இல்லை. மச்சானுக்குப் படிப்பு ஏறவில்லை, அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் சந்தோஷமாக வெளியே வந்தார். துளசிக்கு ஏறியது, அவள் போனாள். அவ்வளவுதான்.

அவள் கேட்டது மருத்துவம். கிடைத்தது வேதியியல். நம் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை, விண்ணப்பம் போடும்போது ஒரு படிப்பு, கடிதம் வரும்போது வேறு படிப்பு. துளசி ஒரு வாரம் அழுதுவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். பிறகு முனைவர் பட்டத்துக்கு ஜப்பான் போனாள். அங்கே இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஆராய்ந்தாள். திரும்பி வந்தபோது துருவுக்கு நிதி இல்லை என்றார்கள். ஆற்றுத் தண்ணீரில் ஈயம் தேடினாள். அப்புறம் அதற்கும் நிதி நின்றது. இரத்தத்தில் சர்க்கரை, பிறகு உமிழ்நீர், கடைசியில் வியர்வை. "நான் ஆராய்ச்சியைத் தேடிப் போகல, அது போற பக்கம் பின்னாலயே ஓடுறேன்" என்பாள். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்று பதவி ஏறிக்கொண்டே போனது. முழுப் பேராசிரியர் என்ற படி மட்டும் காலுக்கு எட்டாமல் நின்றது.

இதற்கிடையில் தோட்டத்தில் அவள் "டாக்டரம்மா" ஆகிவிட்டாள். முனைவர் பட்டம் வேறு, வைத்தியம் வேறு என்று அவள் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தாள். கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசைக்கே வந்து முட்டியைக் காட்டுவார்கள். அண்ணி திலகம்கூட, "நீ சொல்லு துளசி, நீ சொன்னா உன் அண்ணன் கேப்பாரு" என்பார். அது உண்மை. மச்சான் யார் சொன்னாலும் கேட்க மாட்டார், தங்கை சொன்னால் கேட்பார்.

அவள் ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கைக்கடிகாரம் மாதிரி ஒரு பட்டை. அதன் அடியில் வியர்வையை உறிஞ்ச ஒரு சின்னத் தாள், தாளுக்குக் கீழே கரியால் அச்சடித்த கோடுகள். கோட்டுக்கு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். வியர்வையில் கலந்திருக்கும் பொருள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அழுத்தம் வந்ததும் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். அப்போது கைப்பேசித் திரையில் போகும் கோடு ஓரிடத்தில் மேடாக எழும்பி இறங்கும். மேடு எங்கே எழும்புகிறது என்பதை வைத்து இன்ன பொருள் என்பார்கள், எவ்வளவு உயரம் என்பதை வைத்து இவ்வளவு என்பார்கள். துளசி தேடியது யூரிக் அமிலம். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. தள்ள முடியாமல் போனால் இரத்தத்தில் ஏறும், வியர்வையிலும் ஏறும். ஊசி இல்லை, இரத்தம் இல்லை, வெயிலில் வேலை செய்கிறவன் கையில் கட்டினால் போதும், சிறுநீரகம் தடுமாறுகிறதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இதுதான் அவள் கனவு.

ஆய்வகத்தில் பட்டை ஒழுங்காக வேலை செய்தது. இனி உண்மையான மனிதர்கள் கையில் கட்டிப் பார்க்க வேண்டும். துளசிக்கு வேறு யோசனையே வரவில்லை, தன் தோட்டத்து ஆட்களைத்தான் கேட்டாள். அனுமதி வந்து சேர மாதக்கணக்கானது. வந்தபோது ஆடி மாதம், தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதித் திருவிழா. அவளுக்கு அதுவும் நல்லதாகப் பட்டது. ரவாங்குக்கும் கோலா குபு பாருவுக்கும் குடிபெயர்ந்தவர்கள்கூடத் திருவிழாவுக்கு வந்துவிடுவார்கள், எல்லாரையும் ஓரிடத்தில் பிடிக்கலாம். பட்டையை வேலை செய்யாத கையில், அதாவது இடது கையில் கட்ட வேண்டும் என்று விதிமுறை எழுதியதும் அவள்தான்.

காப்புக் கட்டிய மறுநாள் கோயில் மண்டபத்தில் மேசை போட்டாள். தீ மிதிக்கிறவர்கள், பால்குடம் எடுக்கிறவர்கள் எல்லாரும் முந்தின நாளே மஞ்சளில் தோய்த்த நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பெரிய வரிசையாக வந்தார்கள், டாக்டரம்மாவின் சோதனை என்றால் சும்மாவா. தங்கமணி அக்கா முதலில் உட்கார்ந்தார். காப்பை முழங்கைப் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டு இடது கையை நீட்டினார்.

"காப்ப அவுக்கச் சொல்லாத தாயி, அது மட்டும் முடியாது."

"வேணாங்க்கா, இருக்கட்டும்" என்றாள் துளசி, பட்டையை மாட்டிக்கொண்டே.

இவ்வளவுதான் நடந்தது. நானும் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மச்சான் கடைசியாக வந்தார். கரகம் எடுக்கிறவர் அவர்தான், அதனால் விரதமும் கடுமை. முகம் வாடியிருந்தது. துளசி நல்லெண்ணத்தில், "கால் ஏண்ணே வீங்கியிருக்கு?" என்று கேட்டாள்.

"நாள் பூரா நிக்கிறேன் லா, வீங்காம என்ன செய்யும்? கட்டு கட்டு, வேல கெடக்கு."

பட்டையைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனார். மதியம் எல்லார் பட்டைகளையும் கழற்றிப் பெயர் ஒட்டிப் பனிப்பெட்டியில் வைத்தோம்.

முடிவுகள் வந்த வெள்ளிக்கிழமை துளசி அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வந்திருந்த பெண்களில் அநேகமாக எல்லாருக்கும் மேடு உயரமாக இருந்தது. ஆண்களுக்கு இல்லை, ஒரே ஓர் ஆணைத் தவிர. அந்த ஓர் ஆள் அவள் அண்ணன்.

பெண்களுக்கு ஏன் என்று அவள் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். காட்டில் ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் உரம் போடுகிறார்கள், மருந்து அடிக்கிறார்கள், அதனால் சிறுநீரகம் கெடுகிறது என்றாள். கேட்கக் கேட்க எனக்கு வயிறெரிந்தது. அவளுக்கும் கோபம்தான். ஆனால் கோபத்துக்கு நடுவில் ஒரு பரபரப்பும் இருந்ததை நான் பார்த்தேன். இது பெரிய கண்டுபிடிப்பு, எழுதினால் உலகம் திரும்பிப் பார்க்கும், நின்றுபோன படியும் ஏறிவிடலாம். அப்படி நினைத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், யார்தான் நினைக்க மாட்டார்கள்.

அண்ணன் விஷயம் வேறு. சொந்தக்காரியாகத் தவித்தாள். அன்று மாலையே தோட்டத்துக்குப் போனோம், மச்சான் மாரியம்மன் கோயிலில் இருந்தார்.

"அண்ணே, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா. இரத்தம் எடுத்துப் பாத்துருவோம். கிட்னி சரியில்லாத மாதிரி காட்டுது."

மச்சான் தன் வலது கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார். "இத கட்டிட்டு நான் எப்படித் தோட்டத்து எல்லயத் தாண்டுறது?"

காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. ரவாங்கிலிருந்து வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அம்மன் எப்போதோ சலுகை கொடுத்துவிட்டாள். கரகம் எடுக்கிறவருக்குச் சலுகை கிடையாது.

"உயிரவிடக் காப்புப் பெருசாண்ணே?"

"அம்மா முன்னாடி நின்னுகிட்டு இப்படிப் பேசாத துளசி." அவர் குரல் உயரவில்லை. "நீ சொல்றத நான் நம்பல்லன்னு யார் சொன்னா? நம்புறேன். காப்பு அவுத்ததும் வர்றேன்."

திலகம் அண்ணி அழுதார். "ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குது, கேட்டா அசதின்னு சொல்றாரு. இடுப்பு வலிக்கு அந்த மாத்திரய வேற தின்னுக்கிட்டே இருக்காரு. கரகத்த வேற ஆளு எடுக்கட்டும்னு சொல்லு." துளசி அதையும் சொல்லிப் பார்த்தாள். முடிவில் அண்ணனும் தங்கையும் முகம் பார்க்காமல் பிரிந்தார்கள். காரில் திரும்பும்போது நாளைக்கு இன்னொருமுறை போய், பூசாரி காலிலாவது விழுந்து காப்பை அவிழ்க்க வைப்பேன் என்று சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை. நான் பசியாறிக்கொண்டிருந்தேன். துளசி சமையல்கட்டு மேசையில் பனிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பட்டைகளில் எங்காவது ஒழுகியிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றாள். தங்கமணி அக்காவின் பட்டையைப் பிரித்தாள். உள்ளே இருந்த தாள் மஞ்சளாக இருந்தது. இன்னொரு பெண்ணுடையதைப் பிரித்தாள், அதுவும் மஞ்சள். மூன்றாவதும் மஞ்சள். அதோடு நிறுத்திவிட்டாள்.

எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை எடுத்துத் தண்ணீரில் கலக்கிப் புதுப் பட்டையில் ஒரு துளி விட்டாள். கைப்பேசியில் கோடு ஊர்ந்தது, மேடு எழும்பியது. யூரிக் அமிலத்துக்கு எங்கே எழும்புமோ ஏறக்குறைய அதே இடத்தில், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில்.

"மஞ்சள்" என்றாள். "மஞ்சளும் எலக்ட்ரானை விடும். எனக்குத் தெரியும். பாடமே நடத்தியிருக்கேன்."

பெண்கள் குளிக்கும்போதெல்லாம் காப்பில் மஞ்சள் தண்ணீர் விடுவார்கள். நூலிலிருந்து வழிந்தது பட்டையில் இறங்கியிருக்கிறது. லயத்தில் பிறந்தவள், வேதியியல் படித்தவள், இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அவளுக்கே ஒன்றோடொன்று ஒட்டவில்லை. "மஞ்சளுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு போல" என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். கண்டுபிடிப்பு போய்விட்ட அழுகை என்று நினைத்தேன். அவள் கைப்பேசியை எடுத்து அண்ணனை அழைத்தபோதுதான் அது நிம்மதி என்று புரிந்தது.

"அண்ணே, ஒண்ணும் இல்ல. எல்லாம் காப்பு மஞ்சள் செஞ்ச கூத்து. மிஷின் தப்பாக் காட்டிருச்சு. நீ பயப்படாத."

மறுமுனையில் மச்சான் சிரித்தது எனக்கே கேட்டது. "அம்மா தங்கச்சிக்கே வெளயாட்டு காட்டிட்டா பாரு! அப்ப ஆஸ்பத்திரி வேணாம்ல?"

"வேணாம்ணே. திருவிழாவப் பாரு."

அவளுடைய ஆராய்ச்சிக் கண்ணுக்கு அன்று ஒருநாள் விடுமுறை. அவளைக் குறை சொல்லவில்லை. நானும் பக்கத்தில் இருந்து இன்னொரு தோசை கேட்டவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கரகம் எடுத்தார். தலையில் பூங்கரகம், உடம்பெல்லாம் மஞ்சள் நீர், பம்பைச் சத்தத்துக்கு ஆடி வந்து முதல் ஆளாகக் குண்டத்தில் இறங்கினார். எல்லாரும் மெய்சிலிர்த்து நின்றோம். குண்டத்தைக் கடந்து பால் ஊற்றிய குழியில் கால் வைத்ததும் தள்ளாடினார், இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அருள் என்றார்கள். துளசியும் கைகூப்பி நின்றாள். அண்ணனோடு சண்டை தீர்ந்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

மறுநாள் காப்பு அவிழ்க்கும் நாள். காலையிலேயே மஞ்சள் நீராட்டு முடிந்து எல்லாரும் நனைந்த துணியோடு கோயில் முன்னால் நின்றார்கள். நான் வேலைக்கு விடுப்புப் போட்டிருந்தேன். துளசி மதியம் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், பனிப்பெட்டி காரில் இருந்தது. இருசப்பன் பூசாரி கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னார்.

"ஆம்பளைங்க வலது கைய நீட்டுங்க! பொம்பளைங்க இடது கைய நீட்டுங்க! வரிசையா வாங்க, தள்ளாதீங்க!"

துளசி பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். அவள் காப்புக் கட்டவில்லை, ஆனாலும் பேச்சுக்குப் பழகிய கை மாதிரி அவள் இடது கை கொஞ்சம் மேலே எழுந்தது. அப்படியே நின்றது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அண்ணனைப் பார்த்தாள். அவர் வலது கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

என்னிடம் வந்தாள்.

"அன்னிக்கு அண்ணனுக்குப் பட்டைய எந்தக் கையில கட்டுனேன்?"

"எல்லாருக்கும் இடது கைதானே."

"காப்பு?"

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பெண்களுக்குக் காப்பும் பட்டையும் ஒரே கையில். ஆண்களுக்குக் காப்பு ஒரு கையில், பட்டை இன்னொரு கையில். அதனால்தான் ஆண்கள் யாருக்கும் மேடு எழும்பவில்லை. அப்படியானால் மச்சானுக்கு?

"முந்தாநேத்து மஞ்சள் தண்ணி ஊத்திக்கிட்டாரே, அதா இருக்கும்" என்றேன். என் வாய் தானாகச் சொன்னது.

"அது நேத்துதாங்க. பட்டை கட்டுனது போன வாரம்."

காருக்கு ஓடினாள். நான் பின்னால் போனேன். பெட்டிக்குள் தேடி அண்ணன் பெயர் ஒட்டிய பட்டையை எடுத்தாள். சனிக்கிழமை அவள் அதைப் பிரிக்கவே இல்லை. நகத்தால் நெம்பித் திறந்தாள். தாள் வெள்ளையாக இருந்தது.

அவள் அங்கேயே காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நல்ல மூடியைக் கோணல் என்று தூக்கிப் போட்டால் எங்கள் தொழிற்சாலையில் ஒன்றும் ஆகாது. இங்கே தூக்கிப் போட்டது, மஞ்சளே படாத அண்ணனின் முடிவை. "வா" என்று மட்டும் சொன்னேன்.

மச்சான் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து பானகம் குடித்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் நூல் கிடந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. துளசி அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கார்ல ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மஞ்சள்னு சொன்னியே?"

"அது மத்தவங்களுக்கு."

"எனக்கு?"

மச்சான் தங்கையின் முகத்தைப் பார்த்தார். திலகம் அண்ணியைக் கூப்பிட்டு ஒரு சட்டை எடுத்து வரச் சொன்னார். "காப்ப அவுத்தாச்சு, இனி எங்க வேணும்னாலும் போலாம்" என்றபடி எழுந்தார். எழும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார், கை கனத்தது.

சிறுநீரகங்கள் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றார்கள். வலி மாத்திரை பல வருஷமாகக் கெடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. விரதமும் வெயிலும் மீதியைச் செய்திருக்கலாம் என்றார்கள். இருக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லைத் துளசி விடவில்லை. சனிக்கிழமையே கூட்டி வந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்று ஒரு மருத்துவரைக் கேட்டாள். இரண்டு மூன்று நாளில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் அவர். இன்னொருவர், தண்ணீர் குடித்து, நெருப்பில் இறங்காமல் இருந்திருந்தால் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம் என்றார். மூன்றாமவர், அதை இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது என்றார். மூன்றையும் அவள் வீட்டில் வந்து சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள், நான் தரம் பார்த்துச் சொல்வேன் என்பது போல. எதை நம்புவது என்று எனக்கும் தெரியவில்லை. காலையில் ஒன்று சரியாகப் படுகிறது, சாயங்காலம் மற்றது.

மச்சான் இப்போது வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். மண்டோர் வேலையை விட்டுவிட்டார். துளசி அந்தச் சோதனையை அப்படியே எழுதினாள், ஒன்றையும் மறைக்கவில்லை. காப்பு, மஞ்சள், இடது கை, வலது கை, வெள்ளைத் தாள், தான் மூன்று பட்டையோடு நிறுத்திக்கொண்டது எல்லாவற்றையும். தோல் மேல் இருக்கும் மஞ்சள் சோதனையை எப்படி ஏமாற்றும் என்று யாரும் அதுவரை தோட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லையாம். எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. அடுத்த வருஷம் அவளை முழுப் பேராசிரியராக்கினார்கள்.

வாழ்த்து விழாவுக்கு என்னையும் கூட்டிப் போனாள். மாலை, கைதட்டல், சாப்பாடு எல்லாம் இருந்தது. திரும்பி வரும்போது காரில் கேட்டாள், "இதுக்கு நான் சந்தோஷப்படலாமா?" படலாம் என்றேன். "அப்ப ஏன் முடியல?" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. இருபது வருஷம் அந்தப் பதவிக்காகக் காத்திருந்துவிட்டு இப்போது என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்?

போன ஆடியில் அவள் மறுபடியும் தோட்டத்துக்கு மேசை எடுத்துக்கொண்டு போனாள். காப்புக் கட்டுவதற்கு முந்தின வாரமே போனாள், அந்தப் பாடம் படித்தாகிவிட்டது. புதுப் பட்டை, கட்டும் இடத்தை முதலில் துடைத்து ஒரு தாளை ஒற்றி, மஞ்சள் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். போன தடவை மாதிரி கூட்டம் வருமா என்று அவளுக்குச் சந்தேகம். வந்தார்கள். தங்கமணி அக்கா உட்காரும்போதே, "இந்தத் தடவ மஞ்சள் பூசல தாயி, மூணு நாளா சோப்புதான்" என்று சத்தமாகச் சொல்ல, வரிசையே சிரித்தது.

வரிசையின் கடைசியில் மச்சான் நின்றிருந்தார். மெலிந்துவிட்டார், சட்டை தொளதொளவென்று இருந்தது. அவர் சோதனைக்கு வர வேண்டியதே இல்லை, அவர் நிலைமை எல்லாருக்கும் தெரியும். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கத்தில் இடது கையை நீட்டினார்.

துளசி பட்டையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கையில்தான் சுத்திகரிப்புக்காக இரத்தக் குழாயை வெட்டி இணைத்திருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே நரம்பு தடித்துப் புடைத்திருந்தது. அந்தக் கையில் கடிகாரம்கூடக் கட்டக் கூடாது.

"இந்தக் கையில இனிமே எதுவும் கட்ட முடியாதுண்ணே."

"ஆமால்ல, மறந்துட்டேன்." வலது கையை நீட்டினார். "அப்ப இதுல கட்டு."

"உனக்கு எதுக்குண்ணே? தெரிஞ்சதுதானே."

"நான் கட்டுனாத்தான் மத்தவன் கட்டுவான். அன்னிக்கு நடந்ததுக்கு அப்புறம் எனக்குக் கட்ட உனக்குத் தைரியம் இல்லன்னு எவனும் பேசக் கூடாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பட்டையைக் கட்டக் கை வரவில்லை. நான் போய்க் கட்டலாமா என்று நினைத்தேன், போகவில்லை.

"அண்ணே, சனிக்கிழம நான் உனக்குப் போன் பண்ணாம இருந்திருந்தா..."

"நீ மொதல்ல சொன்னப்பவும் நம்புனேன் துளசி. அப்புறம் ஒண்ணும் இல்லன்னு சொன்னப்பவும் நம்புனேன். எனக்கு ரெண்டும் தெரியாது, நீ சொன்னா சரின்னு தெரியும். இப்பவும் அப்படித்தான்." கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "எது சரின்னு நீதான் பாத்துச் சொல்லணும். கட்டு."

துளசி அவர் மணிக்கட்டைத் துடைத்தாள். ஒரு முறை துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், ஒற்றிய தாளைத் தூக்கி வெயிலில் பார்த்தாள். தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னிடம் நீட்டி, நீங்களும் பாருங்கள் என்றாள்.